கூப்பிடுற பேரா, எழுதுற பேரா? பெண் குழந்தைக்குப் பேர் வைக்கும்போது எங்கள் பக்கம் கேட்கிற கேள்விகள்

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில், கேரள அரசின் ஆன்லைன் சேவை மையமான ஒரு அக்ஷயா சென்டரில் பதினொரு வருஷமாக விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுக்கிறேன். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா. வீட்டில் பேசுவது தமிழ், பஞ்சாயத்தில் மலையாளம், பாரத்தில் இங்கிலீஷ். மடியில் பெண் குழந்தையோடு வருகிற அம்மாக்களும், கூடவே வருகிற அமுச்சிகளும் (அம்மாவைப் பெற்றவர்கள்) அப்பத்தாக்களும் ஒரே சந்தேகத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: வீட்டில் கூப்பிடுகிற பேரையே எழுதிவிடலாமா, நீளமாக வேறு ஒன்று வைக்கணுமா? அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன்.

பொறந்து இருபத்தொரு நாளுக்குள்ள பேரு முடிவு பண்ணியே ஆகோணுமுங்களா?

இல்லைங்க. 21 நாளுக்குள் செய்ய வேண்டியது பிறப்பைப் பதிவது மட்டும்தான். பேர் இருக்கிற இடம் காலியாக இருந்தாலும் பதிவாகும். அப்படிப் பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பேரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதற்கப்புறம் தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை சேர்க்கலாம்.

15 வருஷம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். 2023 அக்டோபர் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். பள்ளியில் சேர்க்க, லைசென்ஸ் எடுக்க, ஓட்டுப் போட, பாஸ்போர்ட் வாங்க என்று எல்லா இடத்துக்கும் இந்த ஒரு தாளைத்தான் கொண்டு போகப் போகிறோம். அதில் ஏறுகிற எழுத்து அப்படியே எல்லா இடத்துக்கும் போகும். அதனால் அவசரமும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம். மூன்று நாலு மாதம் எடுத்துக்கொண்டு, பேரை நாலு பேர் வாயால் கூப்பிடக் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பிரசவம் கோயமுத்தூர்ல ஆச்சு. வீடு இங்க. பேரை எங்க போய்ச் சேக்கறது?

பிறந்த இடத்தில். கோவையிலோ பொள்ளாச்சியிலோ பிறந்தால் அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் பதிவு இருக்கும், நம் பஞ்சாயத்தில் இருக்காது. எல்லையில் இருக்கிற நமக்கு இதுதான் முதல் குழப்பம். நிறையப் பேர் இங்கே வந்து, "சாஃப்ட்வேர்ல தேடுங்கக்கா" என்று ஒரு காலை முழுக்கக் காத்திருக்கிறார்கள்.

அங்கே வாங்கினால் சான்றிதழ் தமிழிலும் இங்கிலீஷிலும் வரும். இங்கே பிறந்தால் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் வரும். சாதாரண வித்தியாசம் மாதிரித் தெரியும். பின்னால் மலையாள எழுத்தைப் பற்றிச் சொல்லும்போது இது எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

ஏனுங்க, அம்முன்னுதான் எல்லாரும் கூப்பிடறோம். அதையே சர்ட்டிபிகேட்ல போட்டா என்ன தப்பு?

தப்பு ஒன்றும் இல்லை. இன்றைய பாலக்காடு மாவட்டத்து ஆனக்கரையில் 1894-இல் பிறந்த அம்மு சுவாமிநாதன், இந்தியாவின் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த கேப்டன் லட்சுமியின் அம்மா. 'அம்மு' என்ற பேரோடுதான் அந்தச் சபையில் உட்கார்ந்து பேசினார். செல்லப் பேர் வைத்தால் பெரிய இடத்துக்குப் போக முடியாது என்று யாராவது சொன்னால் இவரைச் சொல்லுங்கள்.

ஆனாலும் 'அம்மு' என்று எழுத வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். எங்கள் தெருவில் 'அம்மு' என்று கூப்பிட்டால் மூன்று வாசலிலிருந்து குரல் வரும். அம்மு, மாளு, மீனு, பொன்னு எல்லாம் தமிழ் வீட்டிலும் மலையாள வீட்டிலும் ஒரே மாதிரிப் புழங்குகிற பேர்கள். குழந்தை பிறந்ததும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். தானாக வருவதைப் பதிவில் போட்டுவிட்டால், நாம் உட்கார்ந்து யோசித்துக் கொடுத்த பேர் என்று அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. வளர்ந்தபின் சிலருக்கு வீட்டாரைத் தவிர வேறு யாரும் அந்தப் பேரால் கூப்பிடுவது பிடிக்காமல் போகிறது. எழுதுகிற பேர் வேறாக இருந்தால், செல்லப் பேரை யாருக்குக் கொடுப்பது என்பதை அவளே பார்த்துக்கொள்வாள்.

இன்னொன்று. சின்னப் பேர் வேறு, செல்லப் பேர் வேறு. வள்ளி, பொன்னி, கோதை, உமா எல்லாம் சின்னதாக இருந்தாலும் முழுப் பேர்கள்தான். நீளம் குறைவு என்பதற்காக அவற்றை ஒதுக்காதீர்கள்.

எங்க மாமியார் பேரைத்தான் வெக்கோணும்ங்கறாங்க. அந்தப் பேரைச் சொல்லி நான் எப்படிங்க அதட்டறது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் என் அம்மா ஞாபகம் வரும். நம் பக்கத்தில் வீட்டுப் பேர்களே இப்படித்தான் பிறந்தன. கல்பாத்தி அக்ரகாரத்திலும் சரி, இந்தப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளிலும் சரி, மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பேரை வைப்பது வழக்கம். மருமகள் மாமியார் பேரை வாயால் சொல்ல மாட்டாள். பிறகு குழந்தையை எப்படிக் கூப்பிடுவது? அதற்குத்தான் பாப்பு, அம்மணி, கண்ணு, தங்கம். செல்லத்துக்கு வந்ததை விட மரியாதைக்கு வந்த பேர்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. என் அம்மா கடைசி வரைக்கும் என்னை முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் பேர் எங்கள் அப்பத்தாவின் பேர்.

ஆக, இரண்டு பேர் வைப்பது புதுப் பழக்கம் இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி வீட்டாருக்குக் குஞ்சம்மா. பாரதிக்கு வீட்டில் சுப்பையா. மாமியார் பேர் உங்களுக்குப் பழசாகத் தெரிந்தால், முழுதாக மறுக்காமல் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்ளலாம். வள்ளியம்மாள் பேத்திக்கு வள்ளி, அமுதவல்லி. பொன்னம்மாள் பேத்திக்குப் பொன்னி, பொன்மலர். அப்பத்தா முகம் மலர்ந்து போவதை இந்தக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல தடவை பார்த்திருக்கிறேன்.

பேரு நீளமா இருந்தா கஷ்டமுங்களா?

நீளத்தால் கஷ்டம் வராது. பிரிகிற பேரால்தான் வரும். 'பொன் மலர்' என்று இடம் விட்டு ஒரு தாளில், 'பொன்மலர்' என்று சேர்த்து இன்னொரு தாளில். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு வேறு ஆள். ஒரே சொல்லாக எழுதுங்கள், எல்லாத் தாளிலும் அப்படியே எழுதுங்கள்.

கூப்பிடுகிற பேர் நீளப் பேருக்குள்ளேயே இருந்தால் ரொம்ப நல்லது. மீனாட்சிக்குள் மீனு இருக்கிறது, மாளவிகாவுக்குள் மாளு, அமுதாவுக்குள் அம்மு. பள்ளிக்கூடத்தில் இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று சொல்லாமலே புரியும்.

தமிழ்ப் பேரு வெச்சா மலையாளத்துல எழுதறப்ப கெட்டுப் போயிருமா?

கெட்டுப் போகாது, ஆனால் நீங்கள் பக்கத்தில் இருந்து எழுதிக் கொடுக்கணும். இது என் வீட்டில் நடந்தது. என் மகள் பேர் கயல்விழி. ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து மலையாளத்தில் எழுதினார்கள். மலையாளத்தில் 'காயல்' என்றால் ஆலப்புழையில் படகு ஓடுகிற காயல். இங்கிலீஷில் கயலும் காயலும் ஒரே எழுத்துதான். ஆக என் பிள்ளை மூன்று மாதம் 'காயல்விழி'யாக இருந்தாள். நோட்டு அட்டையில் அவளே 'கா' போட்டு எழுதிக்கொண்டு வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. மீன் கண்ணுக்காரி என்று ஆசைப்பட்டு வைத்த பேர். அடுத்த நாளே ஒரு தாளில் மலையாளத்தில் பெரிதாக எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. நாம் ராதா, சீதா, கவிதா என்று கடைசியில் நீட்டுவோம். மலையாளத்தில் ராத, சீத, கவித என்று குறுகிவிடும். பெரும்பாலும் பரவாயில்லை, ஆனால் 'நிலா' குறுகினால் 'நில' ஆகிவிடும். அந்த மொழியில் 'நில' என்றால் நிலைமை, மாடி. நிலா என்று வைக்கிறவர்கள் நெடில் போட்டே எழுதச் சொல்லுங்கள். 'செல்வி'யில் இருக்கிற 'செ'வை அவர்கள் எழுத்தில் 'ச' போட்டு எழுதினால் 'ச்செல்வி' என்று படிப்பார்கள், 'ஸ' போடணும். தமிழில் ஒரே 'த', ஒரே 'க'. மலையாளத்தில் ஒவ்வொன்றுக்கும் நாலு எழுத்து. தேவி, கங்கா, பாரதி என்றால் எந்த எழுத்து என்று அம்மா அப்பா சொல்லணும், எழுதுகிறவர் ஊகிக்கக் கூடாது. இதே காரணத்தால்தான் கோவையில் பிறந்த பிள்ளைகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறேன். அவர்கள் சான்றிதழில் மலையாளமே இல்லை, பள்ளிக்கூடத்தில்தான் முதல் தடவை எழுதுவார்கள்.

நமக்குச் சாதகமும் இருக்கிறது. 'ழ' மலையாளத்திலும் உண்டு. யாழினி, மலர்விழி எல்லாம் அழகாக ஏறும், அழகாகப் படிப்பார்கள். முகில் அவர்களுக்கும் மேகம்தான். தெலுங்குப் பக்கம் பெண் கொடுத்தவர்கள்தான் பாவம், அங்கே இன்றைய எழுத்தில் 'ழ' கிடையாது, 'ள' ஆகிவிடும். பாப்பாத்தி என்பது கொங்குப் பக்கத்து அமுச்சிகளின் பேர். மலையாளப் பேச்சில் பாப்பாத்தி என்றால் வண்ணத்துப்பூச்சி. எல்லையான வாளையாறுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பழசாகத் தெரிகிற பேர், இங்கே ஒரு குழந்தைக்குப் பொருந்தி நிற்கும்.

இங்கிலீஷ் ஸ்பெல்லிங் எப்படிப் போடறது?

நம் பக்கத்துப் பழக்கம், தமிழ்நாடானாலும் கேரளாவானாலும், 'த'வுக்கு டி-ஹெச், 'ழ'வுக்கு இசட்-ஹெச். அதையே போடுங்கள். வடக்கே 'த'வுக்குத் தனி 'டி' போடுவதைப் பார்த்து மாற்ற வேண்டாம். அப்படி எழுதினால் இங்கே 'கவிடா' என்று படிப்பார்கள்.

பாரத்துல வீட்டுப்பேர்ன்னு கேட்டிருந்தது. 'பாப்பு'ன்னு எழுதிட்டனுங்க.

உடனே திருத்துங்கள். நாம் 'வீட்டுப் பேர்' என்றால் வீட்டில் கூப்பிடுகிற பேர். மலையாள பாரத்தில் 'வீட்டுபேரு' என்றால் வீட்டின் பேர், தறவாட்டுப் பேர், விலாசத்தில் வருவது. செல்லப் பேருக்கு அவர்கள் சொல்வது 'விளிப்பேரு', 'ஓமனப்பேரு'. ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கம் போனால் 'இண்டிபேரு' என்று கேட்பார்கள், அது குடும்பப் பேர். மூன்று மொழியிலும் வீடும் பேரும்தான், பொருள் மட்டும் வேறு.

உங்கள் வீட்டுக்கு அப்படிப் பேர் ஒன்றும் இல்லையென்றால் தோட்டத்துப் பேரையோ, ரேஷன் கார்டு விலாசத்தில் இருப்பதையோ எழுதுங்கள். செல்லப் பேரை எழுதுகிற கட்டம் பிறப்புப் பதிவு பாரத்தில் இல்லை.

இனிஷியல் முன்னாடி போடறதா, பின்னாடி போடறதா?

தமிழ் வழக்கத்தில் முன்னால், அப்பா பேரின் முதல் எழுத்து. கேரளத்தில் இப்போது பெரும்பாலும் பின்னால் போடுகிறார்கள், அது அப்பா பேராகத்தான் இருக்கணும் என்றும் இல்லை. பி.டி. உஷாவின் இரண்டு எழுத்தும் பிலாவுள்ளகண்டி தெக்கேபறம்பில் என்ற குடும்பப் பேர். பாடகி கே.எஸ். சித்ராவுக்கு ஓர் எழுத்து அப்பா கிருஷ்ணன் நாயர், இன்னொன்று அம்மா சாந்தகுமாரி. அம்மா பேரின் எழுத்தையும் போட ஆசைப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லி உற்சாகப்படுத்துவேன்.

எந்தப் பக்கம் என்பது உங்கள் இஷ்டம். ஆனால் சான்றிதழில் பின்னால் போட்டுவிட்டு ஆதாரில் முன்னால் போட்டால் ஒவ்வொரு கவுண்டரிலும் கேள்வி வரும்.

அவரு துபாய்ல இருக்காரு. ஒத்தப் பேரா இருந்தா கூட்டிட்டுப் போக முடியாதாமே?

அது முழு உண்மை இல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே சொல் மட்டும் பேராக உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவிலும் விசிட் விசாவிலும் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தால் போதும் என்று விளக்கம் கொடுத்தார்கள். பயணத்துக்கு முன் விமானக் கம்பெனியிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மில் பலருக்குக் குடும்பப் பேர் கிடையாது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள், அங்கே அப்பாவின் முழுப் பேர் குடும்பப் பேர் இடத்தில் போய் உட்காரும். வெளிநாட்டில் அதைச் சொல்லித்தான் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். கல்ஃபுக்குப் போகிற குடும்பம் என்றால், சான்றிதழிலேயே பிள்ளை பேரும் அப்பா அல்லது அம்மா பேரும் இரண்டு சொல்லாக ஏறட்டும் என்பேன். இனிஷியல் தலைவலியும் அதோடு தீரும். இந்த ஒரு விஷயத்தில் நீளமான பேர்தான் கைகொடுக்கும்.

மக நட்சத்திரம். ம, மி, மு, மே-ல வரோணும்ங்கறாரு ஜோசியர். நியூமராலஜியும் பாக்கோணும்.

பாருங்கள், பதிவுக்கு முன்னால் பாருங்கள். இரண்டு வருஷம் கழித்து இன்னொரு 'ஏ' சேர்க்கணும் என்று வராதீர்கள். சில வீடுகளில் 28-ஆம் நாள் ஒரு காதை வெற்றிலையால் மூடி, இன்னொரு காதில் மூன்று தடவை சொல்கிற பேரை நட்சத்திர எழுத்தில் வைத்துக்கொள்கிறார்கள், தாளில் ஏறுவது வேறு. எனக்கு அது நல்ல வழியாகப் படுகிறது.

'அம்மு என்கிற அமுதவல்லி'ன்னு ரெண்டையும் போடலாமுங்களா?

வேண்டாங்க. அந்த 'என்கிற'வோடு சேர்த்து முழு வரியும் பேராகிவிடும். பிறகு எல்லா இடத்திலும் அந்த வரியையே எழுதணும். பென்ஷன் மஸ்டரிங்குக்கு, அதாவது பென்ஷன் தொடரக் கைரேகை வைத்து உறுதி செய்ய, வருகிற அமுச்சிகளைக் கேளுங்கள். போன வருஷம் ஒரு அமுச்சி மஞ்சள் பையிலிருந்து மூன்று தாளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். ஒன்றில் பாப்பாத்தி, ஒன்றில் பாப்பாத்தியம்மாள், ஒன்றில் 'என்கிற' போட்டு இரண்டும். "மூணும் நாந்தான் கண்ணு" என்றார். எனக்கு நம்பிக்கை, கம்ப்யூட்டருக்கு இல்லை. அவர் கை ரேகையும் தேய்ந்து போயிருந்தது. அன்றைக்கு நாலு மணி வரைக்கும் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஏற்கனவே 'அம்மு'ன்னு ஏத்தியாச்சு. பாப்பாவுக்கு ஆறு வயசு. மாத்தலாமா?

முதலில் பிள்ளையைக் கேளுங்கள், ஆறு வயதில் அவளுக்குச் சொல்லத் தெரியும். பிடித்திருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள், மேலே அம்மு சுவாமிநாதனைப் பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும்.

மாற்றித்தான் ஆகணும் என்றால், எழுத்துப் பிழை வேறு, பேர் மாற்றம் வேறு. பிழையைப் பதிவாளர் ஆதாரம் பார்த்துத் திருத்தலாம், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அதற்குத்தான். 'அம்மு'வை 'அமுதவல்லி' ஆக்குவது பிழைதிருத்தம் இல்லை, அரசிதழ் அறிவிப்பு வரை போகக்கூடிய வேலை. பள்ளியில் சம்பூர்ணா என்கிற கேரளப் பள்ளிக் கம்ப்யூட்டர் பதிவில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் அந்தப் பேரில்தான் அச்சாகும், அதற்கு முன்னால் சரி செய்வது சுலபம். ஆதாரில் பேர் மாற்ற வாழ்நாளில் இரண்டே வாய்ப்புதான், ஒன்றை ஸ்பெல்லிங் சோதனைக்குச் செலவழிக்காதீர்கள்.

பேரு நல்லாத்தான் வெச்சோம். வீட்ல யாரும் அதைக் கூப்பிடறதே இல்லை. அங்கன்வாடில கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறா.

என் மகளும் அப்படித்தான் இருந்தாள். டீச்சர் 'கயல்விழி' என்றதும், அது யார் என்று மற்ற பிள்ளைகளைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த பேர் பாப்பு ஒன்றுதான். சொல்லிக் கொடுக்காதது என் தப்பு.

சாப்பாட்டு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், சோறு போட்டதும் மட்டும் முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வெளிநாட்டில் இருக்கிற அப்பா போனில் முதல் தடவை அந்தப் பேரைச் சொல்லட்டும். மாமியார் பேராக இருப்பதால் உங்களுக்கு வாய் வராவிட்டால், மாமியாரையே கூப்பிடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அமுச்சிதான் செய்தார். தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, புளியமரத்தடி வரைக்கும் கேட்கிற மாதிரி 'கயல்விழீ' என்று இழுப்பார். பத்து நாள் ஆகியிருக்கும். மண் கையோடு ஓடி வந்து, "கயல்விழி வந்துட்டேன் அமுச்சி" என்றாள்.